படகில் குடியிருப்போருக்குக் கழிப்பறை: பம்ப்-அவுட்டா, கேசட்டா, உலர் கழிப்பறையா?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 3

"நானும் மனைவியும் அடுத்த வசந்தத்தில் இங்கிலாந்தில் 57 அடி நேரோபோட் (கால்வாய்க்கென்றே செய்த ஒடுக்கமான நீளப் படகு) ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறப் போகிறோம். பம்ப்-அவுட் உள்ள படகாகப் பாருங்கள், வீட்டுக் கழிப்பறை மாதிரியே இருக்கும், கேசட் என்றால் கழிவைக் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்கிறார் விற்பவர். உலர் கழிப்பறைக்கு ஈடு எதுவும் இல்லை என்கிறார் இன்னொருவர். நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். காகிதத்துக்கு மாற மனமில்லை. எதை எடுப்பது?"

2025 ஆகஸ்ட் 3, இரவு

விற்பவர் கழிப்பறைப் பேசினைக் காட்டிப் பேசுகிறார். உட்காரும் இடம் எல்லாப் படகிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. சேர்ந்ததை எங்கே கொட்டுவது? அந்த இடத்துக்குப் படகே போயாக வேண்டுமா, நீங்கள் நடந்து போனால் போதுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக. இங்குள்ள கால்வாய்களில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் படகின் பக்கத்துளை வழியே கால்வாயிலேயே விழுகின்றன. கழிப்பறைக் கழிவு ஒரு சொட்டும் விழக் கூடாது. கடலோடும் படகுகளில் கழிவை நேரே கடலுக்குள் தள்ளும் வால்வு உண்டு. அந்தப் பேச்சை இங்கே கொண்டுவர வேண்டாம். கால்வாய் ஓட்டமில்லாத நீர், நடுவிலேயே நாலைந்து அடி ஆழம்தான். எல்லாவற்றையும் படகிலேயே சேர்த்துவைத்தாக வேண்டும்.

அதற்கு மூன்று வழி. பம்ப்-அவுட் என்றால் படகுக்குள்ளேயே பெரிய தொட்டி. நிரம்பியதும் உறிஞ்சும் இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் படகை ஓட்டிப்போய்க் காசு கொடுத்துக் காலி செய்ய வேண்டும். கேசட் என்றால் பேசினுக்குக் கீழே 18 லிட்டர் அளவில் ஒரு பெட்டி. அதை உருவி எடுத்து, கழிப்பறைக் கழிவைக் கொட்டவென்றே கரையில் உள்ள எல்சான் தொட்டியில் கவிழ்க்க வேண்டும். படகு உரிமத்துக்குக் கட்டும் பணத்திலேயே அங்கே கொட்டுவதும் அடக்கம். உலர் கழிப்பறை சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்துச் சேர்க்கிறது. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மெரினா என்னும் படகுத்துறையில் படகை நிலையாகக் கட்டப்போகிறீர்களா, நகர்ந்துகொண்டே இருக்கப்போகிறீர்களா என்பதைச் சொல்லவில்லையே? படகைக் கட்டச் சொந்தத் துறை இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் கழிப்பறைக் கணக்கு அந்த 14 நாளோடு சேர்ந்தே ஓடும்.

2025 ஆகஸ்ட் 4

ஒரு கேசட் ஒரு வாரம் தாங்கும் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். தனி ஆள், பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பவர் என்றால் தாங்கும். நாள் முழுவதும் படகிலேயே இருக்கும் இருவருக்குத் தாங்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் வரும். இருவருக்கு மூன்று. மலம் இருவருக்கும் சேர்த்துக் கால் கிலோவுக்கு மேல். பருப்பும் காய்கறியும் அதிகம் சாப்பிடும் வீட்டில் இன்னும் கூடும். பேசினை அலச ஒரு தடவைக்குக் கால் லிட்டர் விட்டாலும், இருவருமாகப் பத்துத் தடவைக்கு இரண்டரை லிட்டர். ஆக, நாளொன்றுக்கு ஆறு லிட்டர். மூன்றாம் நாள் பெட்டி நிறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும். கழுவும் தண்ணீரை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

அதனால்தான் கேசட் வைத்திருப்பவர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை. மாற்றுப் பெட்டி இரண்டாவது வேண்டும். நிரம்பிய பெட்டி ஏறக்குறைய 20 கிலோ. சக்கரவண்டி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

2025 ஆகஸ்ட் 4, மாலை

வடக்கே லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர் எழுதியிருப்பதை எல்லோரும் கவனியுங்கள். இந்த ஆண்டு மழை பொய்த்ததில் மே மாதத்திலிருந்தே அங்கே லாக்குகளை, அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுகளை, பூட்டிவிட்டார்கள். பம்ப்-அவுட் நிலையம் லாக்குகளுக்கு அந்தப் பக்கம், அவருடைய படகு இந்தப் பக்கம். படகை ஓட்டிப்போய்த்தான் காலி செய்ய முடியும் என்ற அமைப்பில் இருக்கும் ஆபத்து இதுதான். நதிகளில் இதே கதை வெள்ளத்தால் வரும். தேம்ஸில் நீரோட்டம் கடுமை என்று எச்சரிக்கும் சிவப்புப் பலகை வைத்துவிட்டால், கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்பதுதான் அறிவுரை.

2025 ஆகஸ்ட் 9

மெரினாவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், நான் பம்ப்-அவுட்டைத் தேவையில்லாமல் பயமுறுத்திக் காட்டுகிறேன் என்கிறார். அவருக்கு நிலையம் நூறு கஜத்தில் இருக்கிறது. அப்படி இருந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். என் முதல் படகில் பம்ப்-அவுட்தான் இருந்தது. அதன் நல்லதை நன்றாகவே அறிவேன்: விருந்தாளிக்கு எதையும் சொல்லித்தர வேண்டாம், குழந்தை உட்காரலாம், தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், வாரக்கணக்கில் அதை நினைக்கவே வேண்டாம்.

காலி செய்வதும் கைக்கு அழுக்கில்லாத வேலை. கூரையோரம் அல்லது பக்கத் தளத்தில் இருக்கும் பித்தளை மூடியைச் சாவி போட்டுத் திருகி எடுத்து, தடித்த குழாயின் ரப்பர் முனையை அந்தத் துளையில் கையாலோ காலாலோ அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் உறுமத் தொடங்கும். குழாயில் ஒரு கைநீளத்துக்குக் கண்ணாடி போன்ற துண்டு இருக்கும். முதலில் அதில் கரும்பழுப்பாக ஓடும், இடையில் குதிக்கும், பிறகு வெளுக்கும். வெளுத்ததும் நிறுத்திவிடாதீர்கள். தொட்டிக்குள் நல்ல தண்ணீரை விட்டு மறுபடி உறிஞ்சுங்கள். இரண்டாவது தடவைதான் அடிவண்டல் வரும், மறுபடி கரும்பழுப்பாக. அதை விட்டுவிட்டால் அது இறுகிக்கொண்டே போகும். 300 லிட்டர் தொட்டி நாளடைவில் 200 லிட்டர் தொட்டியாகிவிடும். கட்டணம் 20 பவுண்டைச் சுற்றி இருக்கும், இடத்துக்கு இடம் மாறும்.

இனி, வாங்குமுன் பார்க்க வேண்டியவை. தொட்டி படகின் எஃகு உடலோடு ஒட்டிச் செய்ததா, தனித் தொட்டியா? ஒட்டிச் செய்தது என்றால் சிறுநீர் எஃகை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும். அளவெடுக்க வரும் சர்வேயரிடம் அந்த இடத்துத் தகட்டின் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். தொட்டி ஒரு பக்கமாக இருந்தால் நிரம்ப நிரம்பப் படகு அந்தப் பக்கம் சாயும், காலி செய்ததும் மறுபக்கம் எழும். ஒட்டும் அழுக்கால் அளவுகாட்டி பொய் சொல்லத் தொடங்கும். அதை நம்பாமல், கடைசியாகக் காலி செய்த தேதியை எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

நாற்றத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: நாற்றம் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறையால் வருகிறது. காற்று போதாத தொட்டியில் வளரும் நுண்ணுயிர்கள்தான் அழுகிய முட்டை வாடையைக் கிளப்புகின்றன. வெளிக்காற்றுக் குழாய் பென்சில் தடிமனில் இருந்தால் அதை ஒன்றரை அங்குலக் குழாயாக மாற்றுங்கள், முடிந்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு. அதற்குப் பிறகும் வாடை நிற்கவில்லையா? ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கழிவு போகும் குழாயை ஒரு முழம் துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறியிருந்தால் குழாயே ஊறிப்போய்விட்டது. மருந்து எதுவும் கேட்காது. குழாயை மாற்றுவதுதான் வழி.

2025 ஆகஸ்ட் 10

வாசனைத் திரவம் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். நேற்று எழுதியதே பதில்.

2025 ஆகஸ்ட் 17

இப்போது கழுவும் தண்ணீர். ஆங்கிலத்தில் படகுக் கழிப்பறை பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காகிதம் பயன்படுத்துகிறவர்கள். அவர்கள் தரும் நாள் கணக்கு எதுவும் நமக்குப் பொருந்தாது. இதைச் சொல்லத்தான் இந்த இழையில் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பம்ப்-அவுட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. தொட்டி கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். தண்ணீர் சேர்வதால் அடிவண்டல் இளகியிருக்கும் என்பது கூடுதல் நன்மை.

கேசட்டில் கைக்குழாய் பொருத்தவே வேண்டாம். சின்னக் கைக்குழாயே நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் கொட்டும். இருவர் அப்படிக் கழுவினால் ஒரே நாளில் பெட்டி நிறைந்துவிடும். சொம்பு போதும். அரை லிட்டர் பிடிக்கும், மூக்கு வைத்த சின்னப் பிளாஸ்டிக் குவளை இன்னும் நல்லது. மெல்லிய தாரையாக விழும், கால் லிட்டரில் வேலை முடிந்துவிடும். கழுவும் தண்ணீரே பேசினையும் அலசிவிடுகிறது, எனவே அதற்குப் பிறகு தனியாக ஃபிளஷ் அழுத்த வேண்டாம். இந்த ஒரு பழக்கத்தால் எங்கள் வீட்டுக் கேசட் காகிதக்காரர்களின் கேசட்டை விட முன்னதாக நிறைவதில்லை. காகிதமும் பெட்டியில் இடம் பிடிக்கிறது, ஊறிப் பந்தாகி வாய்க்குழாயை அடைக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியபோது குவளை மட்டும் போதவில்லை. கேசட் பேசின் வீட்டுப் பேசினை விடக் குறுகலானது. உட்கார்ந்தபடி பின்னால் கை கொண்டுபோக இடம் இல்லை, மூட்டுவலிக்காரருக்குப் பக்கச்சுவரில் பிடிமானமும் இல்லை. சுவரில் ஒரு மரக்கைப்பிடி அடித்தோம். குவளையை வலது பக்கம், உட்கார்ந்த நிலையிலேயே எட்டும் உயரத்தில் கொக்கியில் தொங்கவிட்டோம். பெட்டி நிரம்பிவிடுமோ என்று அவர் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து ஊற்றினார். கழிப்பறைக்கு அடிக்கடி போகக் கூடாதென்று சாயங்காலத்துக் காப்பியைக்கூட மறுத்தார். எனக்கு அது தாளவில்லை. அவர் இருந்தவரை தினமும் காலையில் பெட்டியை மாற்றினோம், அவர் கண்ணில் படும்படி காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தோம். வயதானவர்கள் வந்து தங்குவார்கள் என்றால் கழிப்பறையின் அகலத்தை அளந்து பார்த்து வாங்குங்கள். நேரோபோட்டின் மொத்த அகலமே 6 அடி 10 அங்குலம். அதில் நடைவழி போக மிஞ்சுவதுதான் கழிப்பறை.

2025 ஆகஸ்ட் 24

உலர் கழிப்பறையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதை அவசரமாக எழுத மனமில்லை.

யோசனை நல்ல யோசனை. சிறுநீரும் மலமும் கலந்தால்தான் அந்த நாற்றம். பிரித்துவைத்தால், மலத்தின் மேல் உலர்ந்த பொருளைத் தூவி மெல்லிய மின்விசிறியால் காற்றை வெளியேற்றினால், ஈரமண் வாசனைதான் வரும். தண்ணீர் தேவையில்லை, ரசாயனம் தேவையில்லை. தூவுவதற்கு இங்கே விற்கும் தென்னை நார்த்தூள் கட்டிகளைப் புரட்டிப் பார்த்தால் இந்தியா அல்லது இலங்கை என்று அச்சிட்டிருக்கும்.

சிக்கல் இரண்டு. முதலாவது, கொட்டும் இடம். சிறுநீரை எல்சானில் ஊற்றலாம். மலமும் நார்த்தூளும் கலந்ததை அங்கே கொட்டக் கூடாது, அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் பையில் கட்டிக் கால்வாயோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவந்தார்கள். 2021 டிசம்பர் இறுதியோடு, கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் அதற்குத் தடை போட்டது. தடை வந்தபோது படகுக்காரர்கள் பலர் கொதித்தார்கள். நான் தடையின் பக்கம். அந்தத் தொட்டியைக் கையால் இழுத்து வண்டியில் ஏற்றுகிற தொழிலாளியை நினைத்துப் பார்க்க வேண்டும். கிழிந்த பை அவர் மேல்தான் வழியும். மலத்தை மனிதர் கையால் அள்ளவைத்த கொடுமையை நம் ஊர்களில் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாம். இங்கே வந்து அதை வேறொருவர் தலையில் கட்டக் கூடாது.

ஆகவே, உலர் கழிப்பறை வைத்தால் மலத்தை முழுதாக மக்கவைக்கும் பொறுப்பும் உங்களுடையது. மூடிய பெட்டிகளில் ஓராண்டாவது கிடக்க வேண்டும், அப்போதும் காய்கறிப் பாத்திக்குப் போடக் கூடாது. சொந்தத் தோட்டம் உள்ள துறையில் கட்டியிருப்பவருக்கு இது சரி. நகர்ந்துகொண்டே இருக்கும் 57 அடிப் படகில் அந்தப் பெட்டிகளை எங்கே அடுக்குவது?

இரண்டாவது சிக்கல், நம் தண்ணீர். உலர் கழிப்பறையின் உயிரே உலர்வுதான். கழுவிய தண்ணீர் மலப்பெட்டிக்குள் போனால் ஒரே நாளில் சேறாகி, ஈ மொய்த்து, பிரித்ததன் பயன் போய்விடும்.

இதற்கு நம் ஊரிலேயே விடை கண்டிருக்கிறார்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் கட்டிய இகோசான் (கழிவைப் பிரித்து மக்கவைக்கும்) கழிப்பறைகளில் மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு முன்புறம் ஒரு வழி, கழுவுவதற்குத் தனி இடம். போனபின் சற்று நகர்ந்து உட்கார்ந்து கழுவிக்கொள்ள வேண்டும், துளைக்குள் சாம்பலைத் தூவி மூட வேண்டும். கழுவிய தண்ணீர் செடிப் பாத்திக்குப் போகும். கீழே இரண்டு அறைகள். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள், மூடியது ஆறிக் கிடந்து மக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் மக்களுக்கென்றே யோசித்துச் செய்த அமைப்பு. படகுக்கு உலர் கழிப்பறை செய்து விற்கும் கம்பெனிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். கழுவும் தண்ணீருக்கென்று ஒரு மூன்றாவது வழி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

2025 ஆகஸ்ட் 25

"போனபின் ஷவர் தட்டில் நின்று கழுவிக்கொள்ளலாமே" என்கிறார் ஒருவர். கூடாது. ஷவர் தண்ணீர் கால்வாய்க்குத்தான் போகிறது, ஆகஸ்ட் 3 குறிப்பைப் பாருங்கள். மலம் கழுவிய தண்ணீரையும் அதோடு அனுப்பினால் நேரே கால்வாயில் கழிப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? கரையோரம் வாத்துக்குத் தீனி போட வரும் குழந்தைகள் அந்தத் தண்ணீரில்தான் கை வைக்கிறார்கள்.

செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. முன்பக்கமாகச் சற்று நகர்ந்து, சிறுநீர்ப் பகுதியின் மேல் கழுவுவது. தண்ணீர் சிறுநீர்க் குடுவைக்குப் போகும். குடுவை எப்படியும் எல்சானுக்குத்தானே போகிறது. குடுவை சீக்கிரம் நிறையும், உள்ளே வாடையும் கூடும், தினமும் அலச வேண்டும். எலுமிச்சை உப்பு கலந்த வெந்நீர் விட்டு அலசினால் குடுவையில் படியும் வெள்ளைக் கறையும் போய்விடும். உலர் கழிப்பறை வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் இப்படித்தான் சமாளிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நிலத்தில் மக்கும் பெட்டி வைக்க இடம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 2

நீல மருந்து பற்றி. கேசட்டில் ஊற்றும் பழைய வகை நீலத் திரவங்கள் ஃபார்மால்டிஹைடு சேர்ந்தவை. நுண்ணுயிரைக் கொன்று நாற்றத்தை அடக்கும் வேலை அவற்றுடையது. கொட்டிய பிறகும் அதே வேலையைத்தான் செய்யும். சில எல்சான் இடங்கள் ஊர்ச் சாக்கடையோடு இணையாமல் செப்டிக் தொட்டியில் முடிகின்றன; அங்கே கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரையும் இது கொன்றுவிடும். பச்சை வகைகளில் ஃபார்மால்டிஹைடு இல்லை. படகுக்காரர்கள் பலர் என்சைம் கலந்த துணி துவைக்கும் திரவத்தையே ஒரு மூடி விடுகிறார்கள். நான் கோடையில் பச்சை மருந்து விடுகிறேன், குளிர்காலத்தில் எதுவும் விடுவதில்லை. மூன்று நாளில் கொட்டிவிடும் பெட்டிக்குக் குளிரில் மருந்து தேவைப்படவில்லை.

எல்சான் என்பது ஒரு கம்பெனியின் பெயர்தான். இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களின் வாலுக்கருகே பொருத்தியிருந்த கழிப்பறையும் அவர்களுடையதுதான். இருட்டில், உறையும் குளிரில், தடித்த உடையோடு அதை நாடிப்போன விமானிகள் பட்ட பாடு தனிக் கதை. இழைக்குத் தேவையில்லாத செய்தி. ஆனாலும் எனக்கு இது பிடிக்கும்.

2025 செப்டம்பர் 20

கேசட்டைக் காலி செய்வது அருவருப்பு என்று சொல்பவர்களில் பலர் அதை முறையாகச் செய்து பார்த்ததில்லை. எழுதுகிறேன்.

பெட்டியை உருவுமுன், பேசினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மேல்தட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எல்சான் தொட்டியருகே நிமிர்த்திவைத்து, வாய்க்குழாயை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்காமல் தரையில் வையுங்கள். ஒரு கை பின்பிடியில், ஒரு கை மேல்பிடியில். மேல்பிடியின் பக்கத்தில் காற்றுப் பொத்தான் இருக்கும். வாய் கீழே சாய்ந்து ஊற்றத் தொடங்கியதும் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே காற்று புகுந்து, விக்கல் இல்லாமல் வழவழவென்று இறங்கும். பொத்தானை விட்டீர்களானால் களக் களக்கென்று குதித்து முழங்கால் வரை தெறிக்கும். பொத்தான் மேல்நோக்கி இருக்கும்போது மட்டும் அழுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தத் துளை வழியாகவே வரும். பிறகு பாதித் தண்ணீர் பிடித்து மூடி, தொட்டிலை ஆட்டுவது போல இருபுறமும் ஆட்டி, மறுபடி கொட்டுங்கள். இரண்டு முறை போதும். தொட்டியின் விளிம்பையும் தரையையும் நீங்களே கழுவிவிட்டு வாருங்கள், உங்களுக்கு முன் வந்தவர் கழுவாமல் போயிருந்தாலும். அங்குள்ள அலசும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது.

வெயில் நாளில் பெட்டிக்குள் வாயு சேரும். பேசினின் தட்டைத் திறக்குமுன் முகத்தை விலக்கி மெதுவாகத் திறக்கவும்.

தட்டு மூடும் இடத்து ரப்பர் வளையம்தான் கேசட்டின் உயிர்நாடி. வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இங்கத்திய குளிரில் உறைந்துபோய்த் தட்டையும் பிடித்துக்கொள்ளும். சிலிகான் தெளிப்பான் போதும். மாற்று வளையம் ஒன்றை எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

2025 அக்டோபர் 5

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. படகு பிடித்துவிட்டதாம்: பம்ப்-அவுட், 300 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, முதல் ஆண்டு மெரினாவில், பிறகு நகர்வதாக எண்ணம். எடுத்துவிட்டுக் கேசட் வைக்கலாமா என்கிறார்.

வேண்டாம். இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும், உங்கள் கழுவும் தண்ணீரோடு சேர்த்து, நாளுக்கு ஒன்பது லிட்டர் என்று வைத்தாலும் ஒரு மாதம் ஓடும். மெரினாவிலேயே நிலையம் இருந்தால் கவலையே இல்லை. கூடவே, கையில் தூக்கும் இரண்டடுக்குச் சின்னக் கழிப்பறை ஒன்றை வாங்கி அலமாரியின் அடியில் போட்டுவையுங்கள். போர்ட்டா பாட்டி என்று கேட்டால் எல்லா முகாம்பொருள் கடையிலும் தருவார்கள். தொட்டி நிரம்பி, லாக் பூட்டி, நிலையம் பழுதாகிக் கிடக்கும் நாளில் அதில் சேர்த்து எல்சானுக்கு நடந்துவிடலாம்.

முதல் நாள் நான் எழுதிய கேள்வி, படகு போக வேண்டுமா, நீங்கள் நடந்தால் போதுமா என்பது. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்: நடக்க முடியுமா? முதுகெலும்பு வட்டு விலகியதால் 20 கிலோப் பெட்டியைத் தூக்க முடியாமல் படகையே விற்றேன் என்று செப்டம்பரில் ஒரு அம்மையார் எழுதினார். கயிறும் கம்பமும் இடறும் ஒரு சாண் அகலப் பக்கத்தளத்தில், மழையில் அந்தப் பெட்டியோடு இறங்குவது இடுப்புக்குப் பெரிய சோதனைதான். பெட்டியை முக்கால் அளவிலேயே மாற்றிவிடுங்கள் என்று அவருக்குச் சொன்னேன். ஆனால் அது தள்ளிப்போடும் வழி மட்டுமே. உடம்பு முடியாத நாளையும் எண்ணித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2025 நவம்பர் 16

உறைபனி வந்துவிட்டது, குளிர்காலக் கேள்விகளும். கால்வாய் உறைந்தால் படகை நகர்த்தாதீர்கள். பனித்தகடு உங்கள் படகின் கறுப்புப் பூச்சைச் சுரண்டும், நகரும் தகடு பக்கத்தில் கட்டியிருக்கும் மெல்லிய ஃபைபர் படகின் உடலைக் கிழிக்கும். ஆகவே, குளிர் கடுமையாகும் என்று வானிலை அறிவிப்பு வந்ததுமே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள், பாதிதான் இருந்தாலும். அந்த 20 பவுண்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். எல்சான் இடத்துக் குழாயும் உறைந்திருக்கும். அலசுவதற்குப் படகிலிருந்தே இரண்டு புட்டி தண்ணீர் கொண்டுபோங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் ஃபிளஷ் தொட்டியையும் பம்பையும் வற்றவிட்டுப் போகவும், விரிசல் விட்டால் திரும்பி வரும்போது தரை முழுவதும் தண்ணீர்.

எரிக்கும் கழிப்பறை பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். சாம்பல்தான் மிச்சம், கொட்டும் தொல்லை இல்லை. விலை ஆயிரக்கணக்கில், ஒவ்வொரு தடவையும் வாயு செலவு, கூரையில் புகைப்போக்கி. தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரையும் அது கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். கழுவுகிறவர்களுக்கு ஏற்றதல்ல.

2025 நவம்பர் 23

மாதவிடாய் நாப்கினை எங்கே போடுவது என்று மனைவி கேட்கச் சொன்னதாக வந்த கேள்விக்கு, தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாலும், வெளிப்படையாகவே பதில். நாப்கின், ஈரத் துடைப்புத்தாள், பஞ்சு, எதுவும் பம்ப்-அவுட் பேசினுக்குள் போகக் கூடாது. கரையும் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். சில பேசின்களுக்குப் பின்னால் கழிவை அரைக்கும் கத்தி இருக்கும், அதில் சுற்றிக்கொண்டால் யாராவது கழற்றிக் கையால் எடுத்தாக வேண்டும். மிதியால் திறக்கும் மூடிபோட்ட சின்னக் கூடையும் சுற்றிக் கட்டக் காகிதப் பைகளும் கழிப்பறைக்குள்ளேயே, உட்கார்ந்தபடி எட்டும் இடத்தில் இருக்கட்டும், வருகிற பெண்கள் யாரையும் கேட்க வேண்டியிராது. கட்டிய பையைக் கால்வாயோரக் குப்பைத் தொட்டியில் போடலாம், அதற்குத் தடையில்லை. மாதவிடாய்க் கிண்ணம் பயன்படுத்துவதானால் அதைக் கழுவும் தண்ணீரையும் கைகழுவும் தொட்டியில் விடாமல் பேசினிலேயே ஊற்றச் சொல்லுங்கள்.